வாயசைத்த உறுதிமொழி

போன மாதம் மகளின் பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இரண்டாம் வகுப்புப் பெண் குழந்தைகளை 'புல்புல்' அணியில் சேர்க்கிறார்களாம். நீலச் சீருடை, கழுத்தில் ஸ்கார்ஃப், சனிக்கிழமை காலை பயிற்சி. விருப்பமுள்ள பெற்றோர் கையெழுத்துப் போட்டு அனுப்பவும். புல்புல் என்பது பாரத் சாரண சாரணியர் அமைப்பில் சிறுமிகளுக்கான பிரிவு. அறிக்கையின் பின்பக்கம் குழந்தை மனப்பாடம் செய்துவர வேண்டிய உறுதிமொழி இருந்தது. அதன் முதல் வரியில் 'காட்'.

எனக்கு வயது முப்பத்தாறு. அந்த வார்த்தையை அங்கே பார்த்ததும் சட்டென்று பதின்மூன்று ஆகிவிட்டது.

தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்தபோது நான் சாரணர் படையில் சேர்ந்தேன். காரணம் லட்சியமெல்லாம் இல்லை, சத்தியமாக. கேம்ப் போனால் நாலு நாள் வகுப்பு கிடையாது, பெல்ட் சூப்பராக இருக்கும். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, காக்கிச் சட்டையும் கயிற்று முடிச்சும் மட்டும் இல்லை, உறுதிமொழி என்று ஒன்றும் இருக்கிறது என்று. தமிழ்வழி மாணவர்களான நாங்கள் அதை ஆங்கிலத்தில்தான் உருப்போட்டோம். 'ஆன் மை ஹானர்' என்று ஆரம்பிக்கும். கடவுளுக்கும் நாட்டுக்கும் என் கடமையைச் செய்ய, பிறருக்கு உதவ, சாரண விதிக்குக் கீழ்ப்படிய என்னால் முடிந்ததையெல்லாம் செய்வேன் என்று என் மானத்தின் மீது ஆணையாகச் சொல்கிறேன். அவ்வளவுதான். மூன்று விரலை உயர்த்திச் சொல்ல வேண்டும், மூன்று பகுதிக்கு மூன்று விரல்.

எங்கள் வீட்டில் முன்னறையில் பெரியார் படம். அப்பா 'விடுதலை' வாசகர், வருடத்துக்கு நாலு நாளாவது கறுப்புச் சட்டை போடுவார். அப்பாயி அதே வீட்டின் பின்கட்டில் மாரியம்மனுக்கு விளக்கேற்றுவாள். இரண்டு பேருக்கும் நடுவில் வளர்ந்த எனக்கு நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், பரீட்சைக்கு முந்தின இரவு மட்டும் இருந்தது. ஆனால் ஆயிரம் பேர் முன்னால் 'என் மானத்தின் மேல் ஆணை' என்று சொல்லும்போது பொய் சொல்லக் கூடாது என்று ஏனோ தோன்றிவிட்டது. சாரண ஆசிரியரிடம் போய், "சார், அந்த காட்ங்கிற வார்த்தைய மட்டும் விட்டுட்டுச் சொல்லலாமா?" என்றேன். அவர் நல்லவர், கோபப்படவில்லை. "அந்த எடத்துல வாய மட்டும் அசச்சுட்டுப் போடா, யாருக்குத் தெரியப்போவுது" என்றார்.

அசைத்தேன். யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு எனக்குச் சின்னம் குத்திவிட்டு இடது கையால் கை குலுக்கினார்கள்.

இந்தச் சின்ன விஷயத்தை இத்தனை வருடம் கழித்துத் தோண்டுவதற்குக் காரணம் அந்தச் சுற்றறிக்கைதான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தேட ஆரம்பித்தேன்: அந்த வார்த்தை அங்கே எப்படி வந்தது, அதைச் சொல்ல மாட்டேன் என்றவர்களுக்கு என்ன ஆனது?

வந்த வழி எளிது. 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சுமார் இருபது பையன்களை வைத்துச் சோதனை முகாம் நடத்தினார். பணக்காரப் பள்ளி மாணவர்களும் உழைக்கும் குடும்பத்துப் பையன்களும் ஒரே கூடாரத்தில். அந்தக் கால இங்கிலாந்தில் இது சாதாரண காரியம் இல்லை. 1908-ல் 'ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்' வந்தபோது உறுதிமொழியின் முதல் வரி கடவுளுக்கும் அரசருக்குமான கடமையாக இருந்தது. எந்தக் கடவுள் என்று சொல்லவில்லை. கிறிஸ்து என்றும் இல்லை, சர்ச் என்றும் இல்லை. அன்றைய அளவுகோலில் அது கதவைத் திறந்து வைத்த வார்த்தை. இதைப் பிறகு எரிச்சலோடு வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நானே ஞாபகப்படுத்திக்கொண்டேன்.

இதில் என்னை ரொம்ப நேரம் உட்காரவைத்தது அவருடைய அப்பாவின் கதை. அவர் பெயரும் பேடன் பவல்தான். ஆக்ஸ்ஃபோர்டில் வடிவியல் பேராசிரியர், கூடவே ஆங்கிலிக்கன் பாதிரியார். 1860-ல் 'எஸ்ஸேஸ் அண்ட் ரிவ்யூஸ்' என்ற கட்டுரைத் தொகுப்பில் எழுதிய ஏழு பேரில் ஒருவர். அற்புதங்களை நம்பிக்கைக்குச் சான்றாகக் காட்ட முடியாது என்று எழுதினார், முந்தின வருடம்தான் வெளிவந்திருந்த டார்வினின் நூலைப் பாராட்டினார். தொகுப்பு பெரிய கலவரத்தை உண்டாக்கியது. எழுதியவர்களில் இரண்டு பேர் மீது சர்ச் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. இவர் தப்பித்ததற்குக் காரணம், அதற்குள் இறந்துபோனார். மகனுக்கு அப்போது மூன்று வயது. மதபேதம் பேசியதற்காக விசாரணைக் கூண்டில் ஏறியிருக்க வேண்டிய மனிதரின் பிள்ளை, நாத்திகனால் சொல்ல முடியாத ஓர் உறுதிமொழியை எழுதினார். 1922-ல் இளைஞர்களுக்காக எழுதிய 'ரோவரிங் டு சக்சஸ்' நூலில் குதிரைப் பந்தயம், மது வரிசையில் கடவுள் மறுப்பையும் வாழ்க்கைப் படகு மோதும் பாறைகளில் ஒன்றாக வைத்தார். அதற்கு அவர் சொன்ன மருந்து பைபிள் வகுப்பு இல்லை, காட்டுக்குள் போய் இயற்கையைப் பார் என்பதுதான். அப்பாவின் ரத்தம் அந்த இடத்தில் கொஞ்சம் எட்டிப்பார்க்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இயக்கம் இந்தியாவுக்கு 1909-லேயே வந்துவிட்டது, ஆனால் இந்தியர்களுக்கு வரவில்லை. ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கான படைகள் அவை. நம் பையன்களுக்கு வழி கண்டுபிடிக்கவும் ரகசிய சைகை காட்டவும் அணிவகுக்கவும் கற்றுக்கொடுத்தால் நாளைக்கு என்ன ஆகும் என்ற பயம் அரசுக்கு இருந்தது. (பயம் நியாயமானதுதான் என்று சொல்லலாம்.) அந்தக் கதவைச் சென்னையிலிருந்து தட்டியவர் அன்னி பெசன்ட். 1917 வாக்கில் அருண்டேலோடு சேர்ந்து அடையாற்றில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய சாரணர்கள் தொப்பிக்குப் பதில் தலைப்பாகை கட்டினார்கள், இந்தியப் பாட்டுகள் பாடினார்கள். அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியாவும் ஹிருதயநாத் குன்ஸ்ருவும் சேவா சமிதி சாரணர்களைத் தொடங்கினார்கள். 1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசன்ட்டின் சங்கம் தாய் அமைப்போடு இணைந்தது. இந்தியப் பையனும் கடவுளுக்கும் அரசருக்கும் கடமை செய்வதாக விரல் உயர்த்தினான்.

பெசன்ட்டைப் பற்றி நம் பாடப்புத்தகத்தில் ஹோம்ரூல் இருக்கும், தியாசபி இருக்கும். அதற்கு முந்தின பெசன்ட் இருக்க மாட்டார். பாதிரியாரின் மனைவியாக இருந்து நம்பிக்கை இழந்து வெளியேறியவர் அவர். சார்லஸ் பிராட்லாவோடு சேர்ந்து தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தின் முன்வரிசையில் நின்ற பிரகடன நாத்திகர். 1877-ல் குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றிய சிறு நூலை வெளியிட்டதற்காக இருவர் மீதும் வழக்கு. அதைத் தொடர்ந்து 1878-ல் நீதிமன்றம் அவருடைய மகள் மேபலை அவரிடமிருந்து பிரித்து அப்பாவிடம் கொடுத்தது. அந்த வழக்கில் அவருக்கு எதிராக வைக்கப்பட்டவற்றில் முக்கியமானது, இந்தப் பெண்ணுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, பிள்ளைக்கு மதக் கல்வி கொடுக்க மாட்டாள் என்பது. நம்பவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னதற்கு விலையாக ஒரு குழந்தையையே கொடுத்தவர்.

தோழர் பிராட்லா கொடுத்த விலை வேறு மாதிரி. 1880-ல் நார்த்தாம்ப்டன் தொகுதியில் ஜெயித்து நாடாளுமன்றம் போனார். கடவுள் பெயரால் சத்தியம் செய்வதற்குப் பதிலாக உறுதி மட்டும் கூறுகிறேன் என்றார். முடியாது என்றார்கள். சரி, சம்பிரதாயத்துக்காகச் சத்தியமே செய்கிறேன் என்றார். உனக்குத்தான் நம்பிக்கையே இல்லையே, உன் சத்தியம் செல்லாது என்றார்கள். ஒரு இரவு நாடாளுமன்ற மணிக்கூண்டில் அடைத்துவைத்தார்கள். தொகுதி மக்கள் விடவில்லை, திரும்பத் திரும்ப அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1886-ல்தான் இருக்கையில் உட்கார முடிந்தது. 1888-ல் சட்டமே மாறியது: கடவுளைச் சொல்ல விரும்பாதவர் உறுதி கூறலாம். அவருக்கு முன்னால் இதே வாசலில் யூதரான லயனல் டி ராத்ஸ்சைல்ட் 1847-ல் ஜெயித்துவிட்டுப் பதினோரு வருடம் காத்திருந்தார். பிரமாணத்தில் 'ஒரு கிறிஸ்தவனின் உண்மை நம்பிக்கையின் பேரில்' என்று ஒரு தொடர் இருந்தது, அதை அவர் சொல்ல மறுத்தார். வாயை அசைத்துவிட்டுப் போகச் சொல்லி அவருக்கும் யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள்.

பெசன்ட் 1889-ல் தியாசபிக்குப் போய்விட்டார். கடவுள் அவருக்குத் திரும்பக் கிடைத்தது, வேறு உருவத்தில். ஆகவே அடையாறு சாரணர்களின் உறுதிமொழி அவருக்கு உறுத்தாமல் இருந்திருக்கலாம். எனக்குத்தான் உறுத்துகிறது. வாசலில் நிறுத்தப்படுவது எப்படி இருக்கும் என்று உலகத்தில் யாருக்காவது தெரிந்திருந்தால் அது இந்த அம்மாவுக்குத்தான். நிறத்தால் வெளியே நின்ற பையன்களை உள்ளே அழைத்து வந்தார். நம்பிக்கையால் வெளியே நிற்கப்போகும் பையனை நினைத்தாரா?

1949 அக்டோபர் 17. அரசியல் நிர்ணய சபை. அரசியலமைப்பின் முகப்புரையைப் பற்றிய விவாதம். எச். வி. காமத் எழுந்து, முகப்புரை 'கடவுளின் பெயரால்' என்று தொடங்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவருகிறார். அஸ்ஸாமைச் சேர்ந்த ரோகிணி குமார் சௌத்ரி, நாங்கள் காமாக்யா தேவியைக் கும்பிடுகிறவர்கள், 'தேவியின் பெயரால்' என்றும் போட முடியுமா என்று கேட்கிறார். கடவுளை ஓட்டெடுப்புக்கு விட்டுவிடாதீர்கள், வாபஸ் வாங்குங்கள் என்று காமத்திடம் கேட்டுக்கொள்கிறார்கள். அவர் கேட்கவில்லை. ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 41, எதிர்ப்பு 68. கடவுள் தோற்றார். எதிர்த்து ஓட்டுப்போட்டவர்களில் பெரும்பாலானோர் பூஜை அறையிலிருந்து வந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

எதிர்த்துப் பேசியவர்களில் முக்கியமானவர் குன்ஸ்ரு. ஆம், அலகாபாத்தில் சேவா சமிதி சாரணர்களை வளர்த்த அதே குன்ஸ்ரு. அவருடைய வாதத்தின் சாரம் இது: நம் உள்ளத்தின் ஆழத்தில் இருக்க வேண்டிய ஒன்றை எல்லோர் மேலும் சுமத்தக் கூடாது, எண்ணத்துக்கும் நம்பிக்கைக்கும் வழிபாட்டுக்கும் சுதந்திரம் தருகிறோம் என்று அதே முகப்புரையில் எழுதிவிட்டு, மேலே கடவுள் பெயரைப் போடுவது அதற்கே முரண். கடவுள் பெயரைச் சொல்லிக்கொண்டே குறுகிய மனத்தைக் காட்டுகிறோம் என்று வருத்தப்பட்டார்.

ஒரு வருடத்துக்குச் சற்று மேல் கழித்து, 1950 நவம்பர் 7 அன்று, சிதறிக் கிடந்த சாரணர் அமைப்புகள் இணைந்து பாரத் சாரணர் அமைப்பு உருவானது. முதல் தேசிய ஆணையர் குன்ஸ்ரு. உறுதிமொழியில் அரசர் போய்விட்டார், நாடு வந்துவிட்டது. கடவுள் அப்படியே இருந்தார்.

இரண்டு காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஒரு குடியரசின் முகப்புரையில் சுமத்தக் கூடாத வார்த்தை, பத்து வயதுப் பையனின் வாயில் மட்டும் எப்படிச் சுமையில்லாமல் போனது? முகப்புரை நாடு முழுவதுக்கும், சாரணர் இயக்கம் விருப்பமிருந்தால் சேரலாம், இதுதான் பதில் என்று நினைக்கிறேன். நியாயமான பதில்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் 'விருப்பம்' என்பது எப்படி வேலை செய்யும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த எல்லோருக்கும் தெரியும். அதே மைதானத்தில் எங்களுக்கு எதிர்ப்பக்கம் என்.சி.சி. மாணவர்கள் நிற்பார்கள். அவர்களுடைய உறுதிமொழி நாட்டின் ஒற்றுமையைப் பற்றியது, கடவுள் கிடையாது. நான் அந்தப் பக்கம் போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஷூ வாங்க வேண்டியிருந்தது, அதனால் போகவில்லை.

நம் அமைச்சர்களுக்கு அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணை இரண்டு வழி தருகிறது: கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். 2021 மே 7-ல் மு.க. ஸ்டாலின் 'உளமார' என்று சொன்னபோது எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் அப்பா பன்னிரண்டு கைதட்டல் போட்டிருந்தார். பிராட்லா ஆறு வருடம் வாசலில் நின்று வாங்கிக் கொடுத்த உரிமை அந்த ஒரு சொல்லில் இருக்கிறது என்று அவருக்குப் பதில் எழுத நினைத்தேன், எழுதவில்லை.

சரி, சொல்ல மாட்டேன் என்றவர்களுக்கு என்ன ஆனது? இங்கே கதை அமெரிக்காவுக்குப் போகிறது, ஏனென்றால் அங்கேதான் அது நீதிமன்றம் வரை போனது.

பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா 1910-ல் தொடங்கியதிலிருந்தே ஒரு படி மேலே. சாரண விதிகளில் பன்னிரண்டாவதாகப் பக்தியையும் சேர்த்துக்கொண்டார்கள். எந்த மதமானாலும் சரி, ஆனால் ஒன்று வேண்டும். இல்லினாய்ஸில் ஏழு வயதுப் பையனுக்குப் பள்ளியில் துண்டுச்சீட்டு கொடுத்தார்கள், எல்லாப் பையன்களும் வரலாம் என்று. அப்பாவோடு போனான். அப்பா கடவுள் பற்றிய படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை, சேர்க்கவில்லை. 1993-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைப்பின் பக்கம் தீர்ப்பளித்தது: இது ஹோட்டலோ சினிமா தியேட்டரோ மாதிரியான பொது இடம் இல்லை, யாரைச் சேர்ப்பது என்பது அவர்கள் இஷ்டம். கலிஃபோர்னியாவில் ஒன்பது வயது இரட்டையர்கள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை என்று வெளியேற்றப்பட்டார்கள். கீழ்நீதிமன்ற உத்தரவின் பலத்தில் பல வருடம் உள்ளேயே இருந்து முகாமுக்குப் போனார்கள், பேட்ஜ் வாங்கினார்கள். 1998-ல் மாநில உச்சநீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2002-ல் வாஷிங்டன் மாநிலத்தில் 19 வயது இளைஞர், மிக உயர்ந்த ஈகிள் தகுதி பெற்றவர், தான் நாத்திகன் என்று சொன்னார். யோசித்துப் பார்க்க ஒரு வாரம் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் கடவுள் வருவாரா? வரவில்லை. நீக்கினார்கள்.

இந்த மூன்று கதைகளிலும் பொதுவான ஒன்று உண்டு. யாராவது 'ஆமாம் நம்புகிறேன்' என்று ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் எந்தப் பிரச்சினையும் இல்லை. அமைப்பு தன் விதிகளில் முதலாவதாக எழுதி வைத்திருப்பது, சாரணன் நம்பத்தகுந்தவன் என்பது. உண்மை சொன்னவன் வெளியே போனான். என்னைப் போல வாயசைத்தவன் எத்தனை பேர் உள்ளே இருந்தானோ.

அமைப்பின் தரப்பையும் முழுக்கத் தள்ளிவிட முடியாது. மதச் சபைகள்தான் பல படைகளுக்கு இடமும் காசும் ஆளும் கொடுத்தன. ஒரு நம்பிக்கையைச் சுற்றிக் கூடுகிறவர்களுக்கு, நம்பாதவரைச் சேர்க்க மாட்டோம் என்று சொல்லும் உரிமை உண்டு. கோயில் பஜனை மடத்தில் நான் போய் உறுப்பினர் உரிமை கேட்க முடியாது. ஆனால் இவர்கள் ஒரு நம்பிக்கையைச் சுற்றிக் கூடவில்லையே. படைப்புக் கடவுள் என்ற கருத்தே இல்லாத பௌத்தப் பையன்களைச் சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டார்கள், அவர்களுக்கென்று தனி மத விருதே இருக்கிறது. அப்படியென்றால் சோதிக்கப்பட்டது கடவுள் இல்லை. மரியாதையான ஏதோ ஒரு மதத்தின் பெயர்ப்பலகை உன் வீட்டு வாசலில் தொங்குகிறதா என்பதுதான்.

அதற்குப் பிறகு அங்கே எல்லாம் மாறியது. தன்பாலீர்ப்புள்ள தலைவரை விலக்கலாம் என்று 2000-ல் உச்சநீதிமன்றம் 5-க்கு 4 என்று சொன்னது. அமைப்பே 2013-ல் சிறுவர்களுக்கும் 2015-ல் பெரியவர்களுக்கும் அந்தத் தடையை நீக்கியது. சிறுமிகள் வந்தார்கள். மிகப் பெரிய ஆதரவாளரான மார்மன் சபை 2019 முடிவில் தன் லட்சக்கணக்கான பையன்களோடு வெளியேறியது. 2025-ல் பெயரே 'ஸ்கவுட்டிங் அமெரிக்கா' என்று ஆகிவிட்டது, 'பாய்' போய்விட்டான். கடவுளுக்கான கடமை மட்டும் இன்னும் இருக்கிறது. எத்தனையோ கதவு திறந்த வீட்டில் அது ஒன்று மட்டும் ஏன் திறக்கவில்லை என்பதற்கு என் ஊகம் எளிது: மற்றவர்களுக்கு ஊர்வலம் போக ஒரு கூட்டம் இருந்தது. நம்பாத குழந்தைக்கு அப்படி ஒன்று கிடையாது, அது தன் பாட்டுக்கு வேறு விளையாட்டுக்குப் போய்விடும்.

திறக்க முடியாத கதவு இல்லை என்பதற்கு பிரான்ஸ் சாட்சி. 1911-லேயே அங்கே மதச்சார்பற்ற எக்லேரர் தெ ஃபிரான்ஸ் அமைப்பு உருவாகிவிட்டது. பிறகு கத்தோலிக்கருக்கு ஒன்று, யூதருக்கு ஒன்று, 1990களில் முஸ்லிம்களுக்கு ஒன்று. எல்லாம் ஒரே கூட்டமைப்புக்குள். ஒவ்வொருவருக்கும் தனிக் கூடாரம். பிரவுன்சீ தீவின் ஒரே கூடாரத்தை நினைத்தால் இதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை.

பிரிட்டன் செய்தது சுவாரசியமானது, ஏனென்றால் அங்கே ஒரே வருடத்தில் இரண்டு அமைப்புகள் இரண்டு வழியில் போயின. 2012-ல் சாமர்செட்டில் ஒரு 11 வயதுப் பையன் நம்பாததைச் சொல்ல மாட்டேன் என்று மறுத்ததால் சேர்க்கப்படவில்லை, செய்தியாகிவிட்டது. பெண்களுக்கான கேர்ள்கைடிங் அமைப்பு சுமார் 44 ஆயிரம் பேரிடம் கருத்துக் கேட்டு, 2013 செப்டம்பரிலிருந்து உறுதிமொழியிலிருந்து கடவுளை எடுத்துவிட்டது. அந்த இடத்தில், எனக்கு நான் உண்மையாக இருப்பேன், என் நம்பிக்கைகளை வளர்த்துக்கொள்வேன் என்ற பொருளில் ஒரு தொடர். எல்லோருக்கும் அதே ஒன்று. சாரணர் சங்கமோ கடவுளை எடுக்கவில்லை. 2014 ஜனவரியிலிருந்து நம்பாதவர்களுக்கு மாற்று வடிவம் கொடுத்தது: கடவுளுக்கான கடமை என்ற இடத்தில் சாரண மதிப்பீடுகளைக் காப்பேன் என்று சொல்லலாம். முஸ்லிம் பையன் அல்லாஹ் என்று சொல்லலாம்.

இன்ஜினியராக எனக்கு இரண்டாவதுதான் பிடிக்க வேண்டும். பழைய கோடைத் தொடாமல் ஒரு இஃப்-எல்ஸ் போட்டுவிட்டார்கள், பழைய பயனர் யாருக்கும் எதுவும் உடையவில்லை. ஆனால் வரிசையில் நின்ற பையனாக யோசித்தால் கணக்கு மாறுகிறது. மாற்று வடிவம் வேண்டும் என்று கேட்க ஒரு குழந்தை கையைத் தூக்க வேண்டும். எட்டு வயதில், நண்பர்கள் எல்லோரும் பார்க்க, நான் வேற என்று சொல்ல வேண்டும். கேர்ள்கைடிங் வழியில் யாரும் கையைத் தூக்க வேண்டியதில்லை. அதற்கு விலை உண்டு. தன் கடவுள் பெயரை அந்த மேடையில் சொல்ல ஆசைப்படும் சிறுமிக்கு, 'என் நம்பிக்கைகள்' என்ற தொடர் தண்ணி கலந்த பால் மாதிரிதான் இருக்கும். அவளிடமிருந்து ஒன்றை எடுத்துத்தான் மற்றவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இருந்தும் நான் முதல் வழிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். அந்தச் சிறுமி வீட்டுக்குப் போய்த் தன் கடவுளோடு பேசலாம். வாயசைத்தவனுக்கு வீட்டுக்குப் போனாலும் அது கூடவே வரும்.

இதெல்லாம் படித்து முடித்த பிறகுதான், கடைசியில், நம் பாரத் சாரணர் விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. உறுதிமொழிக்குக் கீழே ஒரு குறிப்பு இருக்கிறது: விரும்பினால் 'காட்' என்ற இடத்தில் 'தர்மா' என்று சொல்லிக்கொள்ளலாம்.

திரும்பத் திரும்பப் படித்தேன். மாற்று வழி இருந்தே இருக்கிறது. எங்கள் சாருக்குத் தெரிந்திருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பார். ஜப்பான் சாரணர்களின் உறுதிமொழியில் கடவுளுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் புத்தர் இருப்பது போல, இங்கே பௌத்தரையும் சமணரையும் மனத்தில் வைத்து இதைப் போட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நல்ல மனசு.

அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"தர்மமா?" என்றார். "அதுக்குக் கடவுளே தேவலாம்டா. கடவுள்னா இல்லன்னு சொல்லிட்டுப் போயிடலாம். தர்மம்னா மனுதர்மம், வர்ணதர்மம், அது இருக்குல்ல. அதுக்குப் போயி கடமை செய்யச் சொல்றானா?"

நான் சிரித்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னது சரி. வெளியே நிற்பவனுக்காக உள்ளே இருப்பவர்கள் உட்கார்ந்து தேர்ந்தெடுத்த வார்த்தை அது. எங்கள் வீட்டு முன்னறை அவர்களுக்குத் தெரியாது. டெல்லியில் மிக விரிந்த வார்த்தையாகத் தோன்றியது, தஞ்சாவூரில் இன்னும் குறுகலான சந்தாக இருக்கிறது.

"அறம்னு போட்டிருந்தா?" என்றேன்.

"அது வேற" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அறம்னா நானே சேருவேன்" என்றார். பிறகு பேத்தியைக் கூப்பிடச் சொன்னார்.

மகளுக்கு இதெல்லாம் பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. அவளுக்குத் தூங்கும்போது பிள்ளையார் வேண்டும், பகலில் தேவையில்லை. நீல உடையில் பாக்கெட் இருக்குமா என்று கேட்டாள். நான் உட்கார்ந்து அந்தப் பள்ளியின் பொறுப்பாசிரியைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். விதிப் புத்தகத்தில் உள்ள குறிப்பைச் சுட்டிக்காட்டி, எந்தக் குழந்தையும் கை தூக்கிக் கேட்காமலே இரண்டு வடிவமும் எல்லோருக்கும் சொல்லித்தர முடியுமா என்று கேட்டேன். 'தர்மா' என்பதைத் தமிழ்க் குழந்தைகள் 'அறம்' என்று சொல்லலாமா என்றும் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை இரண்டு தடவை அழித்துத் திரும்ப எழுதினேன்.

திங்கட்கிழமைக்குள் படிவம் கொடுக்க வேண்டும். பதில் இன்னும் வரவில்லை. படிவம் ஃப்ரிட்ஜ் மேல் காந்தத்தில் தொங்குகிறது, என் கையெழுத்து இடம் மட்டும் காலியாக.